டயருக்குள் இருக்கும் முள்

கச்சிராயபாளையத்தில் அப்பாவுக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடை என்றால் சாலையோரப் புளியமரம், அதன் கிளையில் தொங்கும் நாலைந்து பழைய டயர்கள், ஒரு கைப்பம்பு, ஒரு சாமான் பெட்டி, பாதியாக அறுத்த தகரப் பீப்பாயில் தண்ணீர். அங்கிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகக் கிடக்கும். சந்தை நாளில் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் தேனும் தலைச்சுமையாக இறங்கி வரும். சுமையை இறக்கிவிட்டு மலைக்காரர்கள் அந்தப் புளியமர நிழலில் உட்கார்ந்து, காலில் ஏறிய முள்ளை ஊசியால் நெம்பி எடுப்பார்கள். பக்கத்திலேயே அப்பா யாரோ ஒரு வியாபாரியின் டயரில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருப்பார்.

அவர் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். லிவர் கொடுத்து டயரை நெம்பி டியூபை வெளியே எடுப்பார். காற்றடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வருவார். வெளியே எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாத ஓட்டை, தண்ணீருக்குள் போனதும் குமிழி விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தில் தீக்குச்சியைச் செருகி அடையாளம் வைத்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, பழைய டியூபில் வெட்டிய துண்டை ஒட்டித் தட்டுவார். வந்தவர் வேலை முடிந்ததென்று எழுந்துகொள்வார். அப்பாவுக்கு முடிந்திருக்காது. டயரின் உட்பக்கம் விரல்களை விட்டு ஒரு சுற்று முழுக்கத் தடவுவார். மெதுவாக, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு. விரலில் ஏதோ நெருடியதும் நிறுத்துவார். முள் அங்கேதான் இருக்கும்.

"முள்ள எடுக்காம டியூப மட்டும் ஒட்டிக் குடுத்தா, ஆத்தத் தாண்டறதுக்குள்ள திரும்ப வந்துருவான்" என்பார்.

இன்னொன்றையும் அந்தக் கடையில் பார்த்தேன். அதன் அருமை வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பஞ்சர் ஆனதற்காக யாரும் அப்பாவிடம் தலையைக் குனிந்துகொண்டு வந்ததில்லை. சாலையில் முள் கிடந்தது, ஏறிவிட்டது, தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். "பாத்து ஓட்ட மாட்டியா?" என்று அப்பாவும் ஒருவரையும் கேட்டதில்லை. காற்றுப் போனது தெரிந்தும் ஏறி மிதித்து வந்தவர்களைத்தான் திட்டுவார். ரிம்மோடு சேர்த்து டியூப் நைந்து போயிருக்கும். அதை ஒட்ட முடியாது.

நான் நர்ஸ் ஆனேன். வேலையில் சேர்ந்தபோது எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே மாவட்டமாயிற்று. இந்த மூன்று பெயர்களுக்குள் 38 வருடப் பணி முடிந்துவிட்டது. அதில் பெரும்பகுதி ஆபரேஷன் தியேட்டருக்குள். கத்தியும் ஊசியும் எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸுக்கு எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான். அவள் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது கைகளை. பல டாக்டர்களை இன்றைக்குத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியுமோ என்னவோ, கையுறை போட்ட கைகளைக் காட்டினால் பெயரைச் சொல்லிவிடுவேன்.

*

1982இல் நான் பயிற்சிக்குப் போனபோது கையுறை ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற பொருளாக எங்களிடம் வந்து சேரவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் கழற்றிய கையுறைகளை உள்ளும் புறமும் சோப்புப் போட்டுக் கழுவுவோம். கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுவோம். தியேட்டரின் பின்கட்டில் வரிசை வரிசையாக வெளிறிய கைகள் தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வந்த மாணவிகள் முதல் நாள் அதைப் பார்த்துச் சற்றுப் பயப்படுவார்கள். காய்ந்ததும் ஒவ்வொன்றாகக் காற்றை அடைத்து, மணிக்கட்டை முறுக்கிப் பிடித்து, தண்ணீர் பேசினுக்குள் அமுக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை.

எனக்குச் சொல்லிக் கொடுத்த சிஸ்டர் முதல் கையுறையை அமுக்கிக் காட்டிவிட்டு நிமிர்ந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா சிரிக்கிறே? இதுக்கு முன்னாடி பாத்திருக்கியா?"

"எங்க அப்பா தினம் பண்றாரு சிஸ்டர்."

ஓட்டை விழுந்த கையுறைக்குப் பழைய கையுறையிலிருந்து வெட்டிய சின்ன வட்டத்தை ஒட்டுவோம். அதுவும் சொல்யூஷன்தான், அதே வாசனைதான். ஒட்டுப் போட்டது காயம் கட்டவும் பரிசோதனைக்கும் போகும். ஒட்டில்லாதது பவுடர் தடவி, ஆறரை, ஏழு, ஏழரை என்று அளவு பார்த்து ஜோடி சேர்த்து, துணியில் சுற்றி ஆட்டோகிளேவுக்குப் போகும். ஒவ்வொரு தடவை வெந்து வரும்போதும் ரப்பர் கொஞ்சம் தளரும். விரல் நுனியில் பிசுபிசுக்கத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. ஏழ்மை என்று இதை இப்போது சொல்லலாம். அன்றைக்கு எங்களுக்கு அது வெறும் வேலை. ஒன்று மட்டும் நிச்சயம். ஓட்டையைத் தேடுவது அப்போது எல்லோருக்கும் தெரிந்த, தினமும் நடக்கிற ஒரு காரியமாக இருந்தது. புதுப் பாக்கெட் வந்த பிறகு அந்தத் தேடல் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. உறை கிழிக்காத பாக்கெட்டுக்குள் ஓட்டை இருக்காது என்ற நம்பிக்கை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சைக்கிள் டயரும் கையுறையும் கூடப் பிறந்தவை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது என்று கண்டுபிடித்து 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் குட்இயர். அந்த ரப்பரை வைத்து 1888இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் ஒரு ரப்பர் கம்பெனிக்கு இரண்டு ஜோடி மெல்லிய கையுறை செய்துதரச் சொல்லி அனுப்பினார். கம்பெனியின் பெயரும் குட்இயர்தான்.

அந்தக் கையுறை நோயாளிக்காகச் செய்யப்பட்டதில்லை, டாக்டருக்காகவும் இல்லை. ஹால்ஸ்டெட்டின் தியேட்டரில் பொறுப்பு நர்ஸாக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். கிருமி சாக அன்றைக்குக் கைகளைப் பாதரசக் குளோரைடு கரைசலில் முக்க வேண்டும். அது அவருடைய கைகளை முழங்கை வரையிலும் அரித்துப் புண்ணாக்கியது. வேலையை விட்டுவிடும் நிலைக்கு வந்துவிட்டார். அவர் போய்விடக் கூடாது என்று அவருடைய கைக்கு ஏற்றபடி செய்யப்பட்டதுதான் உலகத்து தியேட்டர்களில் இன்றைக்கு எல்லாரும் மாட்டும் கையுறையின் முன்னோடி. 1890 ஜூனில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். காதல் கதையாக இதை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். நான் நர்ஸ் என்பதால் எனக்கு வேறொன்று உறுத்துகிறது. கல்யாணத்தோடு கரோலின் தியேட்டரை விட்டுவிட்டார். புண்பட்ட கை வீட்டுக்குப் போயிற்று, அதற்காகப் பிறந்த கையுறை தியேட்டரில் தங்கிவிட்டது.

அதை மற்றவர்கள் மாட்டிக்கொள்ளவும் வருடங்கள் ஆயின. ஹால்ஸ்டெட்டிடம் பயின்ற ஜோசப் பிளட்குட் 1896இலிருந்து எல்லா அறுவைக்கும் கையுறை போட ஆரம்பித்தார். குடலிறக்க அறுவைகளில் புண் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டதை 1899இல் எழுதினார். ஒரு நர்ஸின் அரிப்புக்காக வந்த பொருள் நோயாளியையும் காக்கிறது என்று உலகத்துக்குத் தெரிய பத்து வருடம் பிடித்திருக்கிறது.

கையுறை இல்லாத காலத்தில் ஒரு குத்து என்ன செய்யும் என்பதற்கு வியன்னாவில் நடந்த ஒன்றைச் சொல்வார்கள். 1847இல் பிணப் பரிசோதனை செய்துகொண்டிருந்த பேராசிரியர் யாக்கோப் கொலெட்ச்காவின் விரலில் மாணவர் ஒருவரின் கத்தி பட்டது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். அவருடைய உடலைத் திறந்து பார்த்த குறிப்புகளைப் படித்த நண்பர் செம்மல்வைஸ், பிரசவ வார்டில் ஜன்னி கண்டு சாகும் தாய்மார்களின் உடலில் இருப்பதும் இதேதான் என்று கண்டுகொண்டார். பிண அறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்குப் போகும் கைகள்தான் அதைக் கொண்டுபோகின்றன. கையைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கழுவு என்று அவர் கேட்டதற்குக் கிடைத்தது எதிர்ப்புதான். "உன் கையில்தான் இருக்கிறது" என்று ஒருவரிடம் சொல்வது அன்றைக்கும் சுலபமாக இல்லை.

*

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மருந்துகளோடு தையல் நூல், கையுறை எல்லாம் மொத்தமாக வாங்கப்பட்டு மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கிடைக்கத் தொடங்கின. பின்கட்டுக் கொடிகள் காணாமல் போயின. பாக்கெட்டைக் கிழித்தால் கிருமி நீக்கிய புத்தம்புதுக் கை. அதை முதலில் மாட்டியபோது உண்டான நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனாலும் அது ரப்பர்தான். கால் மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ரப்பர். தொழிற்சாலையில் அதைச் சோதிக்கும் விதம் அப்பாவின் பீப்பாயைத் திருப்பிப் போட்டது மாதிரி. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பார்க்கிறார்கள். எல்லாக் கையுறையையும் இப்படிப் பார்க்க முடியாது என்பதால் ஒரு தொகுதியிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள். அறுவைக் கையுறைக்கு ஏற்கத்தக்க குறைபாட்டு அளவு 1.5 சதவீதம். அதாவது, ஒழுகும் கையுறை ஒன்றிரண்டு கலந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டே அந்தத் தொகுதி வெளியே வருகிறது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. ரப்பரின் இயல்பு அது. புதுசு என்றால் முழுசு என்று நினைப்பதுதான் தவறு.

மாட்டிய பிறகு நடப்பதோ வேறு கணக்கு. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு நகரத்தில் ஆபரேஷன் முடிந்து கழற்றிய 898 ஜோடிக் கையுறைகளைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். 90 நிமிடம் வரை போட்டிருந்தவற்றில் 15.4 சதவீதத்தில் நுண்ணிய ஓட்டை. 91இலிருந்து 150 நிமிடம் வரை என்றால் 18.1. அதற்கு மேல் போட்டிருந்தவற்றில் 23.7. நேரம் ஏற ஏற ஓட்டையும் ஏறுகிறது. இப்படிச் சோதித்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டு. ஓட்டைகளில் பெரும்பாலானவை போட்டிருந்தவருக்கே தெரியாதவை. அதிகம் விழும் இடம், ஊசி பிடிக்காத கையின் ஆள்காட்டி விரல். வலது கையால் தைப்பவரின் இடது கை, தசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஊசி வெளியே வரும் இடத்தில் காத்துக்கொண்டிருக்கும். வேலை செய்கிற கையைவிட, அதற்கு வழிவிட்டு நிற்கிற கைக்குத்தான் குத்து.

அப்பாவுக்குத் தண்ணீர் இருந்தது. எங்களுக்கு தியேட்டரில் குமிழி கிடையாது. எப்படித் தெரியும்? சில சமயம் விரல் நுனியில் ஒரு ஈரம். சில சமயம் ஒரு வெதுவெதுப்பு. கையுறையைக் கழற்றும்போது நகத்தோரம் ஒரு கறுத்த கோடு. அப்போது தெரிந்து என்ன செய்ய? ஒன்றரை மணி நேரம் அந்த வழியாக இரண்டு பக்கமும் போக்குவரத்து நடந்து முடிந்திருக்கும். கையுறைக்குள் வியர்த்து, தோலின் கிருமிகள் பெருகி, அந்த வேர்வை திறந்த வயிற்றுக்குள் போயிருக்கும். வயிற்றின் ரத்தம் விரலுக்கு வந்திருக்கும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் 4,000க்கும் மேற்பட்ட அறுவைகளைப் பார்த்து, அதையும் 2009இலேயே எழுதினார்கள். முன்கூட்டியே கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கப்படாத நோயாளிகளுக்கு, டாக்டரின் கையுறை ஓட்டையானால் புண் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. மயக்கத்தில் படுத்திருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. தெரியப்போவதுமில்லை.

*

இதுவரை வீட்டில் அம்மாவுக்கு மட்டும் பாதி சொன்ன ஒன்றை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

1988. எந்த ஊர் ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வேலைக்கு வந்து இரண்டு வருடம். நள்ளிரவில் ஒரு வயிற்று அறுவை. பெரிய டாக்டர் கையை நீட்டினார். ஊசி மாட்டிய நீடில் ஹோல்டரை வைத்தேன். அவர் தைத்து, பார்க்காமலே திருப்பி நீட்டினார். நான் வேறு பக்கம் பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தேன். ஊசி என் இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். கையுறைக்குள் ஒரு பொட்டு சிவப்பாக விரிவதைப் பார்த்தேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை நடுவில் நின்றிருக்கும். அவர் நிமிர்ந்து பார்த்திருப்பார். "கவனம் எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். அந்தப் பார்வைக்கே நான் பயந்தேன். இன்னும் முக்கால் மணி நேரம் அதே கையுறையோடு நின்றேன். இதை எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன், அந்த முக்கால் மணி நேரமும் என் ரத்தமும் அந்த மனிதரின் வயிற்றுக்குள் போயிருக்கும். அன்றைக்கு என் விரலைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன். முடிந்ததும் குழாயடியில் போய் விரலைப் பிதுக்கிப் பிதுக்கிக் கழுவினேன். ஸ்பிரிட் ஊற்றினேன். பிதுக்கவும் கூடாது, ஸ்பிரிட்டும் ஊற்றக் கூடாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தச் செய்தி எங்கள் ஊர்ப்பக்கம் வரும்போது பேய்க்கதையாக மாறியிருந்தது. எனக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இரவில் படுத்தால் விரல் துடிக்கிற மாதிரி இருக்கும். லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் ஊசி குத்தியதை மட்டும் சொன்னேன், பயத்தைச் சொல்லவில்லை. மஞ்சள் காமாலை வந்துவிடுமோ என்று அவளாகவே பயந்தாள். வாய்க்கால் ஓரத்திலிருந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து அரைத்து, மோரில் கலக்கி, பத்து நாள் கொடுத்தாள். அதே 1988இல்தான் சென்னையில் டாக்டர் தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லி மஞ்சள் காமாலைக் கிருமியை விரட்டுவதாக லான்செட் இதழில் எழுதினார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பின்னால் மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அம்மா கொடுத்த டம்ளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பத்து நாளும் ஒருத்தியாவது என் விரலைப் பார்த்தாள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. வராததற்கு நான் எதுவும் செய்துவிடவில்லை.

இன்றைக்குக் கணக்கு தெரியும். எச்ஐவி உள்ளவரின் ரத்தத்தோடு ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6இலிருந்து 30 வரை. நாங்கள் பயந்தது முதலாவதுக்கு. பயந்திருக்க வேண்டியது இரண்டாவதுக்கு. அதற்கான தடுப்பூசி வெளிநாட்டுச் சரக்காக எட்டாத விலையில் இருந்தது. 1997இல் ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இங்கேயே தயாரித்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டியது. 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. மூன்றாவது தவணையை மறந்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தடுப்பூசியின் அருமையை நான் டாக்டர்களிடம் பேசுவதைவிடத் துப்புரவு செய்யும் பெண்களிடம்தான் அதிகம் பேசியிருக்கிறேன். கையுறை சிவப்புப் பைக்குப் போக வேண்டும், ஊசி, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. அவசரத்தில் கையுறையோடு சேர்த்துச் சுருட்டிய ஒரு ஊசி சிவப்புப் பைக்குள் போய்விடுகிறது. காலையில் அந்தப் பையை இறுக்கி முடிச்சுப் போடுகிற கை வேறொருத்தியுடையது. எனக்குத் தெரிந்த ஒரு காண்டிராக்ட் பெண்ணுக்கு அப்படிக் குத்தியது. இரண்டு நாள் கழித்து, அதுவும் வேறு யாரோ சொல்லித்தான், என்னிடம் வந்தாள். ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். "வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயந்துட்டேன் சிஸ்டர்" என்றாள். ஒரு தடுப்பூசியும் போட்டிருக்கவில்லை அவளுக்கு. எச்ஐவி தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். அவளை நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது இன்னும் சில மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. 1988இல் நானும் அவளைப் போலத்தான் இருந்தேன். ஊசி குத்தியதைக் குற்றம் போல நினைத்து மறைத்தோம். அப்பாவின் கடைக்கு வந்த ஒரு ஆளும் அப்படி நின்றதில்லை.

*

இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொள்வது பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் உள்கையுறையில் ஓட்டை விழும் அபாயம், ஒற்றைக் கையுறையோடு ஒப்பிட்டால் 71 சதவீதம் குறைகிறது என்று காக்ரேன் தொகுப்பாய்வு 2014இல் சொன்னது. முனை மழுங்கிய ஊசியால் தைத்தால் ஓட்டைகள் பாதிக்கு மேல் குறையும் என்று அதற்கு முன் 2011இலேயே இன்னொரு தொகுப்பு சொல்லியிருந்தது. தோலைத் தைக்க அந்த ஊசி ஆகாது, உள்தசையைத் தைக்க ஆகும். இரட்டைக் கையுறை என்றால் தொடுவது தெரியாது என்பார்கள். கொஞ்ச நாளில் பழகிவிடுகிறது. உள்ளே போடுவது அரை அளவு பெரிதாக இருந்தால் இறுக்கமும் இருக்காது. சேலம் உளுந்தூர்பேட்டை சாலையில் அடிபட்டு வருகிறவர்களின் உடைந்த எலும்பு முனைகளுக்குள் கைவிடும் எலும்பு டாக்டர்கள் இதை யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். எலும்புச் சில்லின் கூர்மை அவர்களுக்குத் தெரியும்.

உள்ளே பச்சை, மேலே வெளிர் நிறம் என்று ஒரு முறை இருக்கிறது. மேல் கையுறையில் ஓட்டை விழுந்தால் ஈரம் இரண்டுக்கும் நடுவில் பரவி, அந்த இடம் மட்டும் கரும்பச்சையாகத் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் பீப்பாய்தான் ஞாபகம் வந்தது. தண்ணீருக்குள் அமுக்காமலே குமிழி வந்த மாதிரி இருந்தது.

பச்சைக் கையுறை எல்லா இடத்திலும் எல்லா நாளும் கிடைத்துவிடாது. "ஒரு ஆளுக்கு ரெண்டு ஜோடி எதுக்கு?" என்று ஸ்டாக் புத்தகத்தைத் திருப்பிக் காட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். கணக்கு எழுதுகிறவருக்கு ஓட்டை தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அதற்காக வருத்தப்பட்டதில்லை.

*

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு இரவு. வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெண். முதல் பிரசவம். வண்டி போகும் பாதை வரைக்கும் போர்வையில் தூளி கட்டி மூங்கிலில் தூக்கி வந்து, பிறகு 108இல் மலை இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். கர்ப்பிணி அட்டை வீட்டிலேயே இருந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு எதுவும் கையில் இல்லை. குழந்தையின் நாடித் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கவும் முடியாது. 1987இலிருந்து உலகமெங்கும் சொல்லிக் கொடுப்பது, யாருடைய ரத்தமானாலும் தொற்று உள்ளதாகவே நினைத்துக் கையாள் என்பது. அப்படி எல்லோரையும் ஒன்றுபோல நினைப்பதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. மலையிலிருந்து வந்தவள், கீழே இருந்து வந்தவள் என்று அதில் பேதம் இல்லை. அவளுடைய விரல்களைப் பார்த்தேன். புளி உடைத்து உடைத்து நுனி கறுத்திருந்தது.

சிசேரியனுக்குத் தண்டுவட ஊசி போட்டதால் அவள் விழித்துத்தான் இருந்தாள். டாக்டர் இளம்பையன், என் மகன் வயசு. குழந்தை வெளியே வந்து அழுதது, பெண் குழந்தை. கருப்பையைத் தைக்கும்போது நான் அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரல் நுனியில், ரப்பருக்கு அடியில், கடுகளவு கறுப்பு.

"சார், லெஃப்ட் இன்டெக்ஸ்."

அவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். "ஆமா சிஸ்டர். குத்திடுச்சு" என்றார். அறைக்கே கேட்கும்படி, நேரம் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். 1988இல் என் தொண்டையிலிருந்து வெளியே வராத வார்த்தை அதுதான். அசிஸ்டென்ட் டாக்டர் தையலை வாங்கிக்கொண்டார். இவர் மேஜையை விட்டு விலகிப் போய்க் கையுறையைக் கழற்றி, குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினார். பிதுக்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பெண் கேட்டாள். "இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. டாக்டருக்குக் கையில ஊசி பட்டுடுச்சு. உனக்கும் பாப்பாவுக்கும் ஒண்ணும் இல்ல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பாவம், வலிக்குதா அவருக்கு?" என்றாள்.

விடிவதற்குள் மற்றதெல்லாம் நடந்தது. ரிஜிஸ்டரில் எழுதினோம். அவளிடம் விவரம் சொல்லி, சம்மதம் கேட்டு ரத்தம் எடுத்தார்கள். டாக்டருக்கு முதல் மாத்திரை கொடுத்தோம். அவளுடைய ரத்தத்தில் தொற்று எதுவும் இல்லை என்று முடிவு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். தடுப்பூசி மூன்று தவணையும் அவர் போட்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு நான் தியேட்டரில் தனியாக நின்றேன். மேஜை, டிராலி, வாளி, விளக்கு எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துக்கொண்டே வந்தேன். கூரான எதையும் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது, இடையில் கிட்னி ட்ரேயில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அன்றைக்கு அவசரத்தில் நாங்கள் இருவரும் ஊசியைக் கைமாற்றிக்கொண்டிருந்தோம். ட்ரே எங்கே போயிற்று என்று தேடினேன். டிராலியின் கீழ்த்தட்டில், பஞ்சுக் கட்டுகளுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துக் கழுவி, அடுத்த கேஸுக்கான செட்டோடு ஆட்டோகிளேவில் வைத்தேன்.